கொச்சுமோன் கொண்டுவந்த ஆயில்

புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் மனுஷனுக்குச் சந்தோஷம் வரும் என்று யார் சொன்னது? பவுலோஸுக்கு வந்தது கவலைதான். இருபது வருஷமாக மூன்றாம் கை ஸ்கூட்டரில் கட்டப்பனைப் பக்கத்து மலைகளையெல்லாம் சுற்றி வந்த மனிதர். பால் சொசைட்டி செக்ரட்டரி. நாற்பத்தாறு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு ஒரே பயம். இந்த எஞ்சினை நாமே கெடுத்துவிடுவோமோ?

ஷோரூமில் கொடுத்த கையேட்டைச் சாயங்கால ஜெபம் முடிந்ததும் பைபிளுக்கு அடுத்தபடியாக எடுத்து வைத்துக்கொண்டு படிப்பார். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஐம்பதைத் தாண்டக் கூடாது. சரி, இவர் நாற்பதைத் தாண்டவில்லை. அதிகச் சுமை ஏற்றக் கூடாது. அதை பவுலோஸ் ‘லீலாம்மாவை ஏற்றக் கூடாது’ என்று படித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அவர் வண்டியில் முன்னே போவார். கட்டின மனைவி பத்துப் பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு ஜீப்பில் பின்னே வருவாள்.

“நான் என்ன அச்சாயா, அம்பத்தெட்டு கிலோதான் இருக்கேன். எருமை மாடா?” என்பாள் லீலாம்மா.

“ஆயிரம் கிலோமீட்டர் முடியட்டும் லீலாம்மே. எஞ்சின் பழகட்டும்.”

“என்னோட பழக உங்களுக்கு இத்தனை நாள் ஆகலியே!”

இந்த நேரம் பார்த்துத்தான் லீலாம்மாவின் தம்பி கொச்சுமோன் ஷார்ஜாவிலிருந்து நாற்பது நாள் லீவில் வந்து இறங்கினான். கொச்சு என்றால் மலையாளத்தில் சின்னது. பெயர் வைத்த பாதிரியாருக்கு அவன் நூற்றைந்து கிலோவுக்கு வளருவான் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அங்கே ஒரு பெரிய கார் சர்வீஸ் சென்டரில் அவன் சூப்பர்வைசர். ஏழு வருஷமாகக் குடும்பத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி. வெள்ளைச் சட்டை, தங்க நிற வாட்ச், பத்தடி தள்ளி வரும்போதே அத்தர் மணம்.

அவனுக்கு முன்பே கார்கோவில் வந்து சேர்ந்திருந்த பெட்டியைக் கூடத்தில் வைத்துப் பிரித்தார்கள். சோப்பு, பால் பவுடர், போர்வை. எல்லாவற்றுக்கும் நடுவில், இரண்டு துண்டு போட்டுச் சுற்றி, பச்சைக் குழந்தையைப் படுக்க வைத்ததுபோல் ஒரு தங்க நிறக் கேன். மேலே அரபி எழுத்து. நாலு லிட்டர் எஞ்சின் ஆயில்.

“புது வண்டி எடுக்கறேன்னு சேச்சி ஃபோன்ல சொன்ன அன்னிக்கே எடுத்து வச்சுட்டேன் அளியா,” என்றான் கொச்சுமோன். “ஃபுல் சிந்தெட்டிக். அங்க ஷேக்குமாரோட காருக்கு ஊத்தறது. முதல் ஆயில் மாத்தறப்ப இதைத்தான் ஊத்தணும். நம்ம ஊர் ஆயிலெல்லாம் ஒரு ஆயிலா?”

பவுலோஸ் கேனைக் கையில் வாங்கி, “அடேயப்பா” என்றார். அன்று ராத்திரி கையேட்டையும் கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்களை ஒப்பிட்டார். கையேட்டில் பதினைந்து, ஐம்பது என்று போட்டிருந்தது. கேனில் பூஜ்யம், இருபது. ‘இருசக்கர வண்டிக்கான ஆயில் மட்டுமே’ என்ற வரியைக் கையேட்டில் தடித்த எழுத்தில் வேறு அடித்திருந்தார்கள். மனைவியைக் கூப்பிட்டார்.

“லீலாம்மே, இது காருக்குள்ளது. பைக்குக்கு ஆகாது போல இருக்கு.”

லீலாம்மா கேனை வாங்கி, ஒட்டியிருந்த கார்கோத் தூசியைத் தன் புடவைத் தலைப்பாலேயே துடைத்தாள். அவசரமில்லாமல், மூடி, கைப்பிடி, அடி எல்லாம் துடைத்தாள். “என் தம்பி கடல் தாண்டி அனுப்பினது. ஊத்துங்க,” என்றாள்.

“எஞ்சின் போயிடும்டீ!”

“ஊத்துங்கன்னா ஊத்துங்க. அவன்கிட்ட இதைப் பத்தி மூச்சு விடாதீங்க.”

எதற்கும் விட்டுக்கொடுக்கும் லீலாம்மா அன்று ஏன் இப்படிப் பிடிவாதம் பிடித்தாள் என்று பவுலோஸுக்குப் புரியவில்லை. பிறந்த வீட்டுப் பாசம் என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்நூற்றுப் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் வண்டி சர்வீஸுக்குப் போனது. மச்சானும் மைத்துனனுமாக அளியன்மார் இருவரும் கூடவே போனார்கள். மெக்கானிக் ஷிஜோ கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சேட்டா, இது காரோடது. பைக்ல கிளட்ச் ஆயிலுக்குள்ளயே முங்கிக் கெடக்கும். இதுல வழவழப்புக்கு மருந்து கலந்திருக்கும், கிளட்ச் பிடிக்காம வழுக்கும். அதுவும் புது எஞ்சின். கொஞ்சம் உரசி உரசித்தான் அது பழகணும். எடுத்த எடுப்பிலேயே வெண்ணெய் தடவி விட்டா எப்படிப் பழகும்?”

பவுலோஸ் கொச்சுமோனைப் பார்த்தார். கொச்சுமோன் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சிரித்தான். “தம்பி, நான் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி பாக்கறேன்னு தெரியுமா?”

“எல்லாம் காருதானே?” என்றான் ஷிஜோ.

“அளியன் பெரிய சர்வீஸ் சென்டர் சூப்பர்வைசர்,” என்றார் பவுலோஸ் அவசரமாக.

“அப்ப சரி. ஆனா சொந்த ஆயில், சொந்தப் பொறுப்புன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

சொந்தக் கல்யாணப் பதிவேட்டில்கூட பவுலோஸ் இத்தனை யோசித்ததில்லை. கையெழுத்துப் போட்டார். தண்ணீர் மாதிரி மெல்லிசான அந்த ஆயில் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நீயே ஒரு கை பாரேன் அளியா,” என்று கேட்டுப் பார்த்ததற்கு, “கை வைக்க ஆளுங்க இருக்கறப்ப நாம எதுக்கு?” என்று சொல்லிவிட்டான் கொச்சுமோன்.

அதற்கப்புறம் பவுலோஸுக்கு நிம்மதி ஏது? தினம் ஒரு புதுச் சத்தம் கேட்டது. காலையில் டிக் டிக், மத்தியானம் கரகர. இது நேற்று இருந்ததா, இன்று வந்ததா? சொசைட்டியில் பால் அளக்கும்போதும் காது வாசலில் நிற்கும் வண்டியிலேயே இருக்கும். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் ஷிஜோவிடம் போய்க் கையேட்டில் சொன்ன ஆயிலையே மூன்று பாட்டில் வாங்கிவிட்டார். ஒரு ஸ்பானர் செட்டும் வாங்கினார். எல்லாவற்றையும் வண்டியின் பக்கப் பையில் மழைக் கோட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தார். வெள்ளிக்கிழமை கொச்சுமோன் விமானம் ஏறியதும் ஆயிலை மாற்றிவிடலாம். அவன் மனசும் நோகாது, வண்டியும் பிழைக்கும். அதுவரை நாற்பதிலேயே போய்க்கொண்டு நாளை எண்ணினார்.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. கூடவே ஹர்த்தாலும் வந்தது.

காலையில் ஜீப்போடு வரவேண்டிய பேபிச்சன் ஃபோனில் வந்தான். “ராத்திரியோட ராத்திரியா அறிவிச்சுட்டாங்க. சாயங்காலம் ஆறு வரைக்கும் சக்கரம் உருளாது.”

“ஏர்போர்ட்டுன்னு கண்ணாடில எழுதி ஒட்டிக்கலாமே பேபிச்சா!”

“எழுதினதைப் படிச்சுட்டா கல் எறியறான்? கண்ணாடி போனா உங்க அளியன் ஷார்ஜாவுலேந்து அனுப்புவானா? போங்க சேட்டா!”

இன்னும் நாலு பேரைக் கேட்டுப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. மணி பத்தரை ஆகிவிட்டது. விமானம் நாலு மணிக்கு, கவுண்டர் மூன்றுக்கு மூடிவிடும். நெடும்பாசேரி ஏர்போர்ட் நூற்றுப் பத்து கிலோமீட்டருக்கு மேல். கொச்சுமோன் திண்டாடிப் போய் நின்றான். “நாளைக்குக் காலைல டூட்டில இல்லேன்னா இனிமே வரவே வேண்டாம்னு முதலாளி அர்பாப் சொல்லி அனுப்பியிருக்கான். லீவே கெஞ்சித்தான் வாங்கினேன். விசா போச்சுன்னா எல்லாம் போச்சு அளியா,” என்றான். அவன் குரல் இப்படி உடைந்து பவுலோஸ் கேட்டதில்லை.

ஹர்த்தாலில் இருசக்கர வண்டியை மட்டும் விட்டுவிடுவார்கள். லீலாம்மா வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாள். கொச்சுமோனும் பார்த்தான். பவுலோஸும் பார்த்தார். மீட்டரில் அறுநூற்று நாற்பது. நூற்றைந்து கிலோ ஆள், இருபது கிலோ பை, உள்ளே கார் ஆயில். கர்த்தாவே!

“ஏறு,” என்றார்.

வாழவரையில் கொடியோடு சாலையை மறித்து நின்றவர்கள் கை காட்டி நிறுத்தினார்கள். “எங்கே சேட்டா?”

“ஏர்போர்ட்.”

“ரெண்டு பேருக்குத்தான் அனுமதி. பின்னால எத்தனை பேர் உக்காந்திருக்கீங்க?”

எல்லோரும் கொல்லென்று சிரித்து வழிவிட்டார்கள். கொச்சுமோனும் சிரித்தான். பவுலோஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தது கால்வரி மவுண்ட் ஏற்றம். பெரிய வெள்ளிக்கிழமையன்று ஊரே சிலுவை சுமந்து ஏறுகிற மலை.

இரண்டாவது வளைவில் அவர் பயந்தது நடந்தது. எஞ்சின் ஊளையிட்டது. வண்டி நகரவில்லை. முறுக்க முறுக்கச் சத்தம் ஏறியது, வேகம் இறங்கியது. முப்பது, இருபது, பத்து. தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. பவுலோஸ் ஓரமாக நிறுத்தினார்.

“பாரம் ஜாஸ்தி,” என்று கொச்சுமோனின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். “நீ இந்த ஏற்றம் மட்டும் நடந்து வந்துடறியா?”

கொச்சுமோன் உடனே இறங்கிவிட்டான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு புது ஷூவோடு ஏறத் தொடங்கினான். பவுலோஸ் தனியாக ஓட்டினார். அப்போதும் வழுக்கியது. சூடேறிய கிளட்ச் இப்போது அவர் ஒருத்தரைக்கூட இழுக்க மாட்டேன் என்றது. அடுத்த வளைவில், ஹர்த்தாலுக்காகப் பலகை சாத்திய ஒரு டீக்கடை முன்னால் நின்று திரும்பிப் பார்த்தார். கொச்சுமோன் கையை முழங்காலில் ஊன்றி ஊன்றி, மூச்சு இரைக்க வந்துகொண்டிருந்தான். நாலடிக்கு ஒரு தரம் நின்று வாட்சைப் பார்த்தான். மணி பதினொன்று நாற்பது. ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பவுலோஸுக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும்.

கை எட்டும் தூரத்தில் பக்கப் பை. உள்ளே மூன்று பாட்டில். எடுத்தால் உன் பரிசு குப்பை என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. எடுக்காவிட்டால் அவன் வேலை போய்விடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். சொந்த மைத்துனன் மூன்றடி தள்ளி நின்று மூச்சு வாங்கும்போது யோசித்துப் பாருங்கள், தெரியும்.

“அளியா,” என்றார் கடைசியில். “ஆயில்...”

“தெரியும்,” என்றான் கொச்சுமோன்.

“என்ன தெரியும்?”

“கார் ஆயிலைப் பைக்ல ஊத்தினா கிளட்ச் வழுக்கும்னு அந்த மெக்கானிக் சொன்னப்ப நான் நம்பல, போன வாரம்தான் தெரிஞ்சுது. ஷார்ஜா ரூம்ல கூட இருக்கறவன்கிட்ட ஃபோன்ல பெருமையடிச்சேன். அவன் திட்டினான். அன்னிலேர்ந்து நான் சரியாத் தூங்கல அளியா. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? சூப்பர்வைசருக்கு இதுகூடத் தெரியாதான்னு கேப்பீங்களே.”

பவுலோஸ் பேய் முழி முழித்தார். பிறகு பையைத் திறந்து, மழைக் கோட்டை எடுத்து வண்டி மேல் போட்டுவிட்டு, பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே வைத்தார்.

“எப்ப வாங்கினது?”

“ஊத்தின மூணாம் நாள்.”

“அப்புறம் ஏன் மாத்தல?”

“நீ போகட்டும்னு இருந்தேன்.”

கொச்சுமோன் ஒரு பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்தான். “நல்ல ரெண்டு மண்டூகங்க,” என்றான்.

டீக்கடைக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டு வந்த பெண்ணிடம் ஒரு பழைய பெயின்ட் வாளி கிடைத்தது. பவுலோஸ் ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்தார். அவசரத்தில் சேராத ஸ்பானரைச் சேராத இடத்தில் வைத்தார். அது நழுவி விரலில் அடித்தது.

“தள்ளுங்க,” என்றான் கொச்சுமோன்.

வாட்சைக் கழற்றிப் பவுலோஸ் கையில் கொடுத்தான். வெள்ளைச் சட்டையோடு அப்படியே சாலையில் மல்லாந்து படுத்துவிட்டான். கண்ணால் பார்க்கவே இல்லை. விரலே போய் போல்ட்டைக் கண்டுபிடித்தது. ஒரே திருகு. கொதிக்கிற ஆயில் கொட்டுவதற்கு இமைக்கிற நேரம் முன்னால் கை வெளியே வந்துவிட்டது. முழங்கையால் வாளியைச் சரியான இடத்துக்குத் தள்ளினான். இத்தனை பெரிய உடம்பு இவ்வளவு லகுவாக வேலை செய்யும் என்று பவுலோஸ் கனவிலும் நினைத்ததில்லை. நாற்பது நாளாகப் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்த கைகளை அவர் அப்போதுதான் பார்த்தார். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தான். அப்படியும் நகக் கண்களில் கறுப்பு தங்கியிருந்தது.

ஆயில் வடிய வடிய, படுத்தபடியே கொச்சுமோன் பேசினான். “அங்க தரையில ஒரு குழி இருக்கு அளியா. நான் அதுக்குள்ள நிப்பேன். காரு தலைக்கு மேல வந்து நிக்கும். ஒரு நாளைக்கு நாப்பது வண்டி. ஏழு வருஷமா வண்டிங்களோட அடிவயித்தைத்தான் பாக்கறேன். ஓட்டிட்டு வர்ற ஆளு மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல.”

பவுலோஸ் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அந்தக் கேன் போன வருஷக் கடைசில எங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுத்தது. மத்தவங்க அங்கயே வித்துட்டாங்க. நான் கைக்கு வந்ததுலயே நல்ல சாமான் அதுன்னு வச்சிருந்தேன்.” போல்ட்டை மறுபடி முடுக்கினான். “சேச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அளியா. அவ எல்லார்கிட்டயும் சூப்பர்வைசர்னு சொல்லி வச்சிருக்கா.”

“சொல்ல மாட்டேன்,” என்றார் பவுலோஸ். அதைச் சொல்வதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாம் முடியப் பன்னிரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கிளட்ச் கேபிளையும் கையோடு சரிசெய்துவிட்டு, வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டான். வாளியை வாங்கிக்கொண்ட பெண், அந்த ஆயிலை வேலிக் கால்களில் அடித்தால் கரையான் வராது என்று சந்தோஷமாக எடுத்துப் போனாள்.

“கிளட்ச் பிளேட்டு குடிச்ச பழைய ஆயில் போக நேரமாகும்,” என்றான் கொச்சுமோன், பின்னால் ஏறிக்கொண்டு. “சட்டுனு முறுக்காதீங்க. மெதுவாக் குடுத்து, அது பிடிக்கறதைக் கேட்டுக்கிட்டே ஏத்துங்க. நான் சொல்றேன்.”

முதல் வளைவில் மறுபடியும் வழுக்கியது. பவுலோஸுக்கு உயிர் போய் உயிர் வந்தது. “குறைங்க... ம், இப்ப குடுங்க,” என்று காதோரம் குரல் வந்தது. அடுத்த வளைவில் கொஞ்சம் பிடித்தது. உச்சி தாண்டும்போது எஞ்சின் சத்தமும் சக்கரமும் ஒன்றாகப் போயின. அதற்கப்புறம் பவுலோஸ் மீட்டரைப் பார்க்கவில்லை. நேரியமங்கலம் தாண்டியதும் ஆளில்லாத ஹர்த்தால் சாலையில் அறுபது, எழுபது, எண்பது. கையேடு ஒரு பக்கம் கிடக்கட்டும். அவருக்கு வாட்ச் முள்தான் கண்ணில் நின்றது.

ஏர்போர்ட் வாசலில் இறங்கியபோது மணி இரண்டரை. கொச்சுமோன் ஒரு தூணுக்குப் பின்னால் போய் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். முதுகு முழுக்க ஆயிலும் தார் மண்ணும் அப்பியிருந்த வெள்ளைச் சட்டையைச் சுருட்டிப் பவுலோஸ் கையில் திணித்தான். “எங்கயாவது தூக்கி எறிஞ்சுடுங்க. வீட்டுக்குக் கொண்டு போயிடாதீங்க,” என்றான். அப்புறம் ஓடினான். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய்ச் சேரும்வரை பவுலோஸ் நின்று பார்த்தார். கவுண்டரில் சீட்டு வாங்கிவிட்டேன் என்று ஃபோன் வந்த பிறகுதான் அவருக்குப் பசி தெரிந்தது.

சட்டையை அவர் எறியவில்லை. எறிய நாலைந்து இடத்தில் வண்டியை நிறுத்தினார். மனசு வரவில்லை. பக்கப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்குச் சொசைட்டிக் குழாயில் துவைத்துவிடலாம் என்று யோசித்தபடி வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள்.

லீலாம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். “ஏறிட்டானா?”

“ஏறிட்டான்.”

“வண்டி?”

“வண்டிக்கென்ன, அவன் கொண்டுவந்த ஆயிலாச்சே. பறந்துச்சு!”

லீலாம்மா மழைக் கோட்டை எடுத்து வைக்கிறேன் என்று பக்கப் பைக்குள் கை விட்டாள். பவுலோஸ் தடுப்பதற்குள் சட்டை வெளியே வந்துவிட்டது. அதை விரித்து, முதுகுக் கறையைப் பார்த்தாள். பவுலோஸ் திருதிருவென்று விழித்தார்.

“வழில... அது வந்து... செயின் கழண்டுடுச்சு. அவன் சும்மா கிட்ட நின்னான்...”

“விடுங்க அச்சாயா,” என்றாள் லீலாம்மா. “ஏழு வருஷமா ஒவ்வொரு லீவுக்கும் அவன் வந்து சாப்பிட உக்காரறப்ப அவன் நகத்தைத்தான் பாக்கறேன். சூப்பர்வைசர் நகமா அது?”

“உனக்குத் தெரியுமா? அப்ப ஊர் பூரா சூப்பர்வைசர்னு...”

“அவன் அப்படிச் சொன்னான். நானும் அப்படியே சொன்னேன்.” சட்டையை நெஞ்சோடு சேர்த்து மடித்தாள். “வேலை செய்யற இடத்துலேர்ந்து அவன் எனக்குன்னு எடுத்துட்டு வந்தது அந்த ஆயில் ஒண்ணுதான். அதையும் வேண்டாம்னு எப்படிச் சொல்றது? உங்க எஞ்சின் போனாலும் போகட்டும்னுதான் ஊத்தச் சொன்னேன். என்னை மன்னிச்சுடுங்க.”

பவுலோஸ் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். லீலாம்மா கிணற்றடிக்குப் போய், மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றிச் சட்டையைக் கல்லில் போட்டுக் கசக்க ஆரம்பித்தாள். கறை முழுசாகப் போகவில்லை. மறுபடி சோப்புப் போட்டாள்.

“ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு நான் ஜீப்புல வரமாட்டேன்,” என்றாள் குனிந்தபடியே. “நூத்தஞ்சு கிலோவை ஏத்தியாச்சு இல்ல?”

“ஏறிக்கோ லீலாம்மே,” என்றார் பவுலோஸ். வாளியை எடுத்து அவளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்.